ராதாமணியின் ஐந்நூறு பைகள்

ராதாமணியும் நானும் ஒரே வருடம் மதுரையில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஆசிரியை, அவள் குமாஸ்தா. 1994-இல் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஐந்நூறு தாம்பூலப் பைகளும் அச்சாகி வந்துவிட்டன. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து: 'ராதாமணி – வெங்கடேஷ்பாபு'. முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள். அவள் கல்யாணத்தை விட்டாள்.

பைகள் பரணுக்குப் போயின. ஊர் வாய்தான் ஓயவில்லை. யாராவது அவளைப் 'பாவம்' என்றால் எனக்கே எரிச்சல் வரும். அவளோ நிமிர்ந்து நடந்து வந்து தன் நாற்காலியில் உட்காருவாள்.

2007-இல் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு காரியத்தில் இறங்கினார்கள். வைகை மணலில் பிளாஸ்டிக் பைகளைக் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்துப் பொறுக்காமல், இந்தப் புகையும் சேர்ந்துதான் பூமியைச் சூடாக்குகிறது என்று சிம்மக்கல்லில் கடை கடையாகப் போய்ச் சொன்னார்கள். காய்கறிக் கடை மொக்கைச்சாமி மடக்கினார்.

"சரி பாப்பா, கேரி பேக்கு குடுக்கல. வாரவுகளுக்கு எதுல போட்டுக் குடுக்க?"

பிள்ளைகளின் தலைவி ஷைமா பதில் தெரியாமல் திரும்பி வந்து, அலுவலகத்தில் நின்று அழுதாள். மறுநாள் ராதாமணி ஐந்நூறு பைகளையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். ஒரே மாதத்தில் சிம்மக்கல்லில் பார்த்த கையிலெல்லாம் அவள் பெயர் தொங்கியது.

பருவநிலை மாற்றத்தை எதிர்த்து உழைத்த பள்ளிப் பிள்ளைகளைப் பாராட்ட ஓர் அறக்கட்டளை விழா எடுத்தது. எங்கள் பிள்ளைகளைப் பைகளோடு மேடைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ராதாமணியின் அண்ணன் சீதாராமன் பள்ளிக்கே வந்துவிட்டார். வீட்டில் சௌராஷ்டிர மொழியில் திட்டியது போதவில்லை போலும்.

"எங்க வீட்டு மானம் கத்திரிக்காயோட சேந்து தொங்குது சார். அத மேடையில வேற ஏத்தணுமா?"

தலைமையாசிரியர் பயந்துபோய், பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம் என்றார். நான்தான் சமரசம் பேசினேன்: பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டால் பெயர் தெரியாதே. இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

விழா அன்று பிள்ளைகள் திருப்பிய பைகளோடு மேடையோரம் நின்றார்கள். ராதாமணி விறுவிறுவென்று வந்து ஷைமாவின் பையை வாங்கி, எழுத்து தெரியும்படி திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாரும் திருப்புங்க. என்ன திருட்டு வேலையா செஞ்சீங்க?"

சிறப்பு விருந்தினர் பைகளைப் பார்த்தார். மைக்கைப் பிடித்து உற்சாகமாக, "தங்கள் திருமணப் பைகளையே வழங்கிய ராதாமணி, வெங்கடேஷ்பாபு தம்பதியர் மேடைக்கு வரவும்!" என்றார். இரண்டு பொன்னாடைகளுக்குச் சொல்லியாயிற்று.

பெயர் தெரிகிறதா என்று பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீதாராமன் தலையைக் குனிந்துகொண்டார். ராதாமணி தனியாகப் படியேறினாள்.

"சார் வரலையா?" என்று விருந்தினர் கேட்டார்.

"கல்யாணமே நடக்கலைங்க" என்று மைக்கை வாங்கினாள். "வேலைய விடச் சொன்னாக. மாட்டேன்னுட்டேன். இந்தப் பிள்ளைக மட்டும் கடை கடையா ஏறி இறங்கலேன்னா இந்தப் பை பரண்லயே மக்கிப்போயிருக்கும். பொன்னாடைய இவுகளுக்குப் போடுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டுப் போடுங்க."

விருந்தினர் காகிதத்தைத் தேடினார். அதில் 'மாணவர் குழு' என்று மட்டும் இருந்தது. எத்தனையோ வருடம் பள்ளிப் பதிவேடு எழுதிய ராதாமணிக்குக் காகிதம் எதற்கு? வருகை எடுப்பதுபோல் கூப்பிட்டாள்.

"ஷைமா!"

"உள்ளேன் அக்கா!"

"உமேஷ்!"

"உள்ளேன் அக்கா!"

பதினெட்டுப் பேரும் பதில் சொன்னார்கள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. கடைசியில் ஷைமா மைக்கைப் பிடுங்கி, "ராதாமணி அக்கா!" என்று கூவினாள்.

ராதாமணி அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"உள்ளேன்."