வரிசையில் நின்ற திருத்தங்கள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஹட்டனில் ஒரு கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வட்டகொடையிலிருந்து காலை ரயிலில் வருவேன். வகுப்பில் நாங்கள் பாவித்த எழுதும் மென்பொருள் இலவசமானது. பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது. பிழை கண்டவர் யாரும் நிரலைத் திறந்து, திருத்தி அனுப்பலாம்.

தமிழில் தட்டினால் அதில் ஒரு தொல்லை. வரி முடியும் இடத்தில் 'கொ' வந்தால் 'கெ' மேல்வரியிலும் கால் கீழ்வரியிலும் விழும். பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் தட்டிக் கொண்டுவரும்போது பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். பல வாரம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்து அனுப்பினேன்.

மாதக்கணக்கில் பதில் இல்லை. கேட்டு எழுதினேன். வரும் திருத்தங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி எந்த நாட்டிலிருந்தோ பதில் போட்டார்: "உங்களுடையதைப் போல நூற்றுக்கணக்கில் காத்திருக்கின்றன. பார்ப்பவர்கள் நாங்கள் சிலர்தான். முடிந்தால் மற்றவர்கள் அனுப்பியதைச் சோதித்துச் சொல்லுங்கள்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. அடுத்த நாளே வரிசையின் அடியில் கிடந்த மிகப் பழையதை எடுத்தேன்.

என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"உம்மட திருத்தத்தையே ஒருத்தரும் பாக்கேல்லை. நீர் ஏன் மற்றவையின்ர வேலையைச் செய்யிறீர்?"

"எல்லாரும் அனுப்பிக்கிட்டே இருந்தா, யாருதான் சார் பாக்குறது?" என்றேன்.

திருத்தத்தைச் சேர்த்து மென்பொருளைப் புதிதாகக் கட்டியெழுப்ப அந்தப் பழைய கணினிக்கு ஒரு வகுப்பு நேரம் பிடிக்கும். வகுப்புக்கு முன் ஓடவிட்டு, முடிந்ததும் சோதிப்பேன். மழை பெய்தால் தொலைபேசி இணைப்பும் அதோடு இணையமும் போகும், சில நாள் மின்சாரமும் போகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். சில திருத்தங்கள் சொன்னபடி வேலை செய்தன, அப்படியே எழுதிப்போட்டேன். சில, மென்பொருள் மாறிவிட்டதால் ஒட்டவே இல்லை. அனுப்பியவர்களுக்கு எழுதினேன். ஒருவர், "இத்தனை வருடம் கழித்தா கேட்கிறீர்கள்? எனக்கு அது இனித் தேவையில்லை" என்று எழுதினார். அந்த வலி எனக்கும் தெரியும். அவருடையதை நானே புதுப்பித்து, அவர் பெயரிலேயே அனுப்பினேன்.

இப்படி ஏறிவந்ததில் ஒருநாள் என் திருத்தத்தின் முறை வந்தது. அதையும் மற்றவற்றைப் போலவே சோதிப்பது என்று முடிவெடுத்தேன். தமிழ் சரியாக இருந்தது. சிங்களத்தையும் பார்த்துவிடலாம் என்று, கினிகத்தேனையிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த சிங்களத் தங்கச்சி ஒருத்தியை ஒரு பக்கம் தட்டச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"மிஸ், மே அகுர கெடிலா நே."

அவள் சொன்னதுபோலவே எழுத்து உடைந்திருந்தது. 'ஸ்ரீ லங்கா' என்று தட்டியதில் 'ஸ்ரீ' இரண்டாகப் பிளந்து இரண்டு வரியில் கிடந்தது. தமிழுக்காக நான் கைவைத்த இடம் சிங்களத்துக்கும் பொதுவான இடம். அவர்கள் என் திருத்தத்தை முன்பே ஏற்றுச் சேர்த்திருந்தால் நாடு முழுக்க அந்த எழுத்து உடைந்திருக்கும்.

என் திருத்தத்தை நானே திருப்பி எடுத்துக்கொண்டேன். காரணத்தையும் எல்லோரும் பார்க்க எழுதினேன்.

அன்று மாலை அந்த ஆசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த இடத்தில பிழை வருது? காட்டும் பாப்பம்."

இருவரும் சேர்ந்து மாற்றி எழுதினோம். தங்கச்சி ஒவ்வொரு முறையும் அலுக்காமல் தட்டித் தந்தாள். புதியதை அனுப்பியதும், நான் முன்பு திருத்தம் சோதித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் முன்வந்து என்னுடையதைச் சோதித்தார். அடுத்த வெளியீட்டில் அது சேர்ந்தது.

அதன்பின் அந்தப் பெண்மணி, தெற்காசிய எழுத்துகள் சம்பந்தமாக வருபவற்றை நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். எவ்வளவு பார்த்தாலும் வரிசை தீரவில்லை, திருத்தங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் என் பக்கம் வந்த எவருக்கும், பார்த்துவிட்டேன் என்று ஒரு வரியாவது எழுதாமல் விட்டதில்லை.