இல்லாத அறைக்குப் போன கஞ்சி

வடசேரியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மதில் இருக்கிறது. நேற்று அதற்கு வெள்ளையடித்தார்கள். இப்போதெல்லாம் டப்பாவில் வரும் பெயிண்டைத்தான் பூசுகிறார்கள். ஆனால் பின்வீட்டுக்காரர் சிக்கனக்காரர், சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி வந்து அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார். சுண்ணாம்பு கொதிக்கிற அந்த மணம் ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். என் கண்ணும் காதும் எப்போதோ பென்ஷன் வாங்கிவிட்டன, மூக்கு மட்டும் இன்னும் வேலைக்குப் போய்வருகிறது. அதே நேரம் தொலைக்காட்சியில் ஒரு மந்திரி, போலீஸ் பிடித்துப்போன யாரோ ஒருவரைப் பற்றிச் சட்டசபையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படி எந்தத் தகவலும் அரசாங்கத்துக்கு வரவில்லை" என்றார். மணமும் அந்த வாக்கியமும் சேர்ந்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பும் ஒரு தடவை அவை அப்படிச் சேர்ந்து வந்திருக்கின்றன.

அது முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது இருக்கும். பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியே வந்த சூட்டோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. குழித்துறைக்குக் கிழக்கே ஒரு சந்தையூர். பெயரைச் சொல்ல மாட்டேன், இதில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். சந்தை மைதானத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன். தாணா என்றுதான் சொல்வோம். இரண்டு இடத்திலும் பிரம்பு உண்டு, இரண்டு இடத்திலிருந்தும் அழுகை கேட்கும், சந்தைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கத்து அழுகை என்று கேலியாகக் கேட்டுக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். தாணாக் கட்டிடம் காரை உதிர்ந்து, பாசி பிடித்து, கட்டின நாள் முதல் வெள்ளையையே காணாதது போல நிற்கும். கிழக்கு மூலையில், உயரத்தில், கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். சித்திர வகுப்பில் எதைப் பார்த்து வரையலாம் என்று கேட்டால் பிள்ளைகள் தாணாவைத்தான் வரைவார்கள், எதிரே இருப்பது அது ஒன்றுதானே. அந்தக் கம்பி ஜன்னலை யாரும் விட்டதில்லை.

தாணாவைச் சொல்ல வந்தவள் கஞ்சியைச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அப்போது கஞ்சி குடிக்கக் கரண்டி கிடையாது. பலாவிலைதான். பழுத்து விழுந்த இலையாக எடுத்து, ஒரு கரையை மறு கரையின் மேல் மடித்து, ஈர்க்கால் குத்தினால் அழகாக ஒரு அகப்பை. இதற்குக் கோட்டுதல் என்று பேர். எனக்குப் பயிற்சிப் பள்ளியில் இங்கிலீஷ் இலக்கணம் முழுவதும் வந்தது, இது மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை. எனக்கு இலை கோட்டித் தந்தவள் அன்னப்பழம். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கோரி வைப்பவள், என் வயதுக்காரி, அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை. அவள் புருஷன் தாசையன் ஒற்றைக்காளை வண்டி வைத்திருந்தான். வடசேரிச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோவான். அவனுக்கு இடதுகைப் பழக்கம். இடதுகைப் பிள்ளைகளை அதட்டி வலதுகைக்கு மாற்றவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நல்லவேளை அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். அன்னப்பழம் கோட்டிக் கொடுக்கும் இலையை இடதுகையில் பிடித்தால் மடிப்பு வாய்ப்பக்கம் வந்து ஒழுகும்.

"ஒனக்க கோட்டுல குடிச்சா பாதிக் கஞ்சி எனக்க நெஞ்சுக்குத்தான்" என்பான். தன் இலையைத் தானே கோட்டிக்கொள்வான். அவன் மடிப்பு நம்முடையதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும், ஈர்க்கும் எதிர்ப்பக்கமிருந்து ஏறும். குழம்பாமலிருக்க அவர்கள் வீட்டில் இரண்டு இலைகளையும் தனித்தனியாகச் செருகி வைத்திருப்பார்கள். நான் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு சந்தை நாளில் தாணாவின் ஏட்டு எங்கள் வாசல் வழியாக வந்தார். இன்ஸ்பெக்டர் வீடு மாறுகிறார், சாமான் ஏற்ற வண்டி வேண்டும் என்று தாசையனைக் கூப்பிட்டார். கூப்பிட்டால் போவதுதான் வழக்கம், யாரும் மறுத்ததில்லை.

"ஏமானே, காளைக்குக் காலுல நீரு வச்சிருக்கு. இன்னைக்குப் பூட்டினா செத்துப்போவும். நாளைக்கு வாறேன்" என்றான் தாசையன்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏட்டு அவன் தோளில் கை போட்டு, ஏதோ சேக்காளியை அழைத்துப் போவது போல மைதானத்தைக் கடந்து கூட்டிப்போனார். சந்தை முழுவதும் பார்த்தது. என் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பார்த்தது. தாசையன் வாசலில் குனிந்து உள்ளே போனான். அந்த வாசல் வழியாக அவன் திரும்பி வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாளிலிருந்து அன்னப்பழம் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனாள். தூக்குவாளி நிறையக் கஞ்சி, மூடிமேல் மடிக்காத பலாவிலை, கூட இரண்டு மூன்று ஈர்க்கு. அவளை உள்ளே விடமாட்டார்கள். ஏட்டு வாசலில் வாங்கிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து வாளி காலியாக வரும், உள்ளே ஈரமான இலை கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு நேரே என் வகுப்பு வாசலுக்கு வருவாள். மடிப்பைக் காட்டுவாள். இடது கை.

"இருக்காவ, டீச்சரம்மா" என்பாள்.

அந்த ஒரு சொல்லுக்காக நானும் காத்திருக்கப் பழகிவிட்டேன். தினமும் தாசையன் எழுதிய கடிதம் வந்தது போல இருக்கும். எதற்காக வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்டால் ஏட்டு எரிந்து விழுவார். எங்கள் சபையின் உபதேசியார் கோபக்காரர், குழித்துறைக்கு நடந்தே போய் எங்கள் பக்கத்து மெம்பரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

மெம்பர் என்றால் திருவனந்தபுரத்துச் சபையின் மெம்பர், எங்கள் பக்கம் அப்போது அந்த ராஜ்யத்தில் இருந்தது. மெம்பர்கள் கேள்வி கேட்பார்கள், இலாகாவுக்கொரு பெரிய உத்தியோகஸ்தர் எழுந்து சர்க்காருக்காகப் பதில் சொல்வார். அவர்களுக்கு மந்திரி என்ற பட்டம் கிடையாது, ஊர் வாய்க்கு எல்லாரும் மந்திரிதான். போலீசுக்குப் பதில் சொன்ன மந்திரியை நான் பார்த்ததில்லை. அவர் பதில்களை மட்டும் அச்சில் படித்திருக்கிறேன், மெம்பர் படித்துவிட்டு உபதேசியாருக்கு அனுப்பும் இங்கிலீஷ் நடவடிக்கைப் புத்தகங்கள் கடைசியில் என்னிடம் வரும். திருட்டு குறைந்திருக்கிறது. ரோந்து ஒழுங்காக நடக்கிறது. ஜனங்கள் போலீசாரைச் சிநேகிதர்களாகக் கருதுகிறார்கள். யார் என்ன கேட்டாலும் அதே அமைதி. அவருக்கு மிருதுவான குரல் என்று மெம்பர் சொல்வாராம். கோபப்பட்டு அவர் ஒரு வரி சொன்னதாக எங்கும் இல்லை.

தாசையனைப் பற்றிய கேள்வியைச் சபையில் கொடுத்தாயிற்று என்று செய்தி வந்தது. நாங்கள் பதிலுக்குக் காத்திருந்தோம். அதற்குள் ஒருநாள் காலை முதல் மணி அடிக்கும்போது சுண்ணாம்பு மணம் வந்தது. எட்டிப் பார்த்தால் தாணா முற்றத்தில் கொத்தனார்கள். யாரும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஒருவரோடொருவர் பேசாமல் வேலை செய்தார்கள். கிழக்கு மூலைக்குக் கல்லும் சாந்தும் போயின. மாலை மணி அடிப்பதற்குள் தாணா முழுவதும் வெள்ளை. அத்தனை வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு அறையைச் சுண்ணாம்பில் மறைத்ததை அன்று நேரில் பார்த்தேன்.

"டீச்சர், அந்த ஜன்னலு எங்க போச்சு?" என்று வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டது. வாய்ப்பாட்டைச் சொல்லு என்றேன்.

அன்றும் அன்னப்பழம் கஞ்சியோடு போனாள். கொத்தனார்களுக்கு நடுவே நின்று ஏட்டு வாளியை வாங்கிக்கொண்டார். அதுவரை அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத மனிதர், அன்றைக்கு, "நல்லா இருக்கான். நீ வெயிலுல நிக்காத, போ" என்றாராம். வாளி காலியாக வந்தது. உள்ளே இலையும் இருந்தது. தூரத்திலிருந்தே அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு லேசானது.

அவள் என் வாசலில் உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈர்க்கை உருவினாள், மறுபடி அதே ஓட்டையில் செருகினாள்.

"இது வலத்தேக் கை, டீச்சரம்மா."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் மைதானத்துக்கு அப்பால் அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே யாரோ ஒருவர், காலி வாளியில் ஒரு இலையையும் போட்டு அனுப்பினால் இவள் நம்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டு, பலாவிலையை எடுத்து மடியில் வைத்து நிதானமாகக் கோட்டியிருக்கிறார். தாசையனுடைய கை எந்தக் கை என்று அவர் யோசிக்கவில்லை. இலை கோட்டத் தெரியாத ஊர்க்காரராயிருந்தால் அந்தப் பொய்கூட எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அவள் அழவில்லை. அடுத்த நாளும் கஞ்சி கொண்டுபோனாள், அதற்கடுத்த நாளும். வலதுகை இலைகள் வந்துகொண்டிருந்தன. கடைசியில் சபைப் புத்தகம் வந்தது. உபதேசியார் பக்கத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, தானே படிக்க மனமில்லாமல் வெளியே போய் நின்றுகொண்டார். நான் அன்னப்பழத்துக்குத் தமிழில் சொன்னேன். அப்படிப்பட்ட எவரும் காவலில் வைக்கப்படவில்லை. அந்த ஸ்டேஷனில் ஆளை அடைத்து வைக்கும் அறையே கிடையாது. கனம் மெம்பருக்கு யாரோ தவறான தகவல் தந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி ஜனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

"அப்போ எனக்க கஞ்சிய வாங்கி எலை கோட்டித் தந்தது ஆரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்தச் சபையில் இடம் இருக்கிறது?

மறுநாள் அவள் வாளியை ஏட்டிடம் கொடுக்கவில்லை. ஒரு இலையை இடதுகையால் தானே கோட்டினாள். கிழக்கு மூலையில், ஜன்னல் இருந்த இடத்துக்கு நேர் கீழே, வாளியை வைத்து அதன்மேல் இலையை வைத்துவிட்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. யாருக்கு வைக்கிறாய் என்று எப்படிக் கேட்பார்கள்? அது வெறும் சுவர் என்று சபையிலேயே சொல்லியாயிற்று. வெறும் சுவருக்குக் கஞ்சி வைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. தினமும் வைத்தாள். சாயங்காலம் போய் எடுத்தால் வாளி காலியாக இருக்கும், இலை நனைந்திருக்கும்.

"காக்கா குடிச்சிருக்கும்" என்றார் உபதேசியார். இறுக்கிப் போட்ட மூடியைக் காக்கை எப்படித் திறந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மூலையில் மட்டும் வெள்ளை நிற்கவில்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஜன்னல் அளவுக்கு ஈரம் பூத்துவரும். மேலே மேலே அடித்தார்கள். பிள்ளைகள் சித்திரத்தில் மறுபடி அந்த ஜன்னலை வரைய ஆரம்பித்தார்கள். ஏட்டு மாற்றல் கேட்டு எங்கேயோ போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அன்னப்பழம் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் தாணாவிலிருந்து ஒரு போலீஸ்காரர் மைதானத்தைக் கடந்து என் வகுப்பு வாசலுக்கு வந்தார். வடக்கேயிருந்து வந்த புதிய ஆள், தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சரே, அந்தப் பெண்ணு இன்னைக்குக் கஞ்சி கொண்டுவரல்லியா?"

செத்துப்போனாள் என்றேன். அவர் இன்னும் கிட்ட வந்தார்.

"காலையில தொட்டு செவுருக்கு உள்ள இருந்து தட்டுது" என்றார், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

நான் அன்று மத்தியானம் என் சாப்பாட்டை அப்படியே எடுத்துப்போய் அந்த மூலையில் வைத்தேன். பகல் வெளிச்சம்தான், சந்தை இரைச்சல்தான், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். கொஞ்ச நாளில் தாணாவை வேறு வாடகைக் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து ரோட்டை அகலப்படுத்த அந்தப் பழைய கட்டிடத்தை இடித்தார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போன நான் வேலையை நின்று பார்த்தேன். கிழக்கு மூலைச் சுவர் விழுந்ததும் உள்ளே ஒரு அறை திறந்தது. இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. எலும்பு கிலும்பு ஒன்றும் இல்லை, நீங்கள் அப்படி நினைக்கவேண்டாம். அவனை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தரையோரத்துக் கல் இடுக்கில் மட்டும் வரிசையாக ஈர்க்குகள் செருகியிருந்தன. இலைக்கு ஒன்று போக மிச்சமானவை. தினமும் ஒன்றாகச் செருகியிருக்கிறான். சுவர் வெள்ளையான நாளைத் தாண்டியும் போயிருக்குமோ என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இடித்துக்கொண்டிருந்தவர் ஒன்றைப் பிடுங்கி, பல் குத்தியபடியே மற்றதையெல்லாம் மண்ணோடு வாரிக் கொட்டினார்.

இப்போது அங்கே பஸ் நிற்கிறது. பள்ளிக்கூடத்தையும் வேறிடத்தில் கட்டிவிட்டார்கள். பலாவிலையில் கஞ்சி குடித்தவர்களில் என்னைத் தவிர எல்லாரும் போயாயிற்று. அந்தச் சபையும் இல்லை, ராஜ்யமும் இல்லை. பதில் மட்டும் ஏதோ ஒரு நூலகத்தில் அச்சில் இருக்கும். அப்படிப்பட்ட எவரும் இல்லை, அப்படி ஒரு அறை கிடையாது. யாராவது இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வரிக்கு வரி சரிபார்க்கட்டும். அதில் ஒரு பொய்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.