பின்னால் நிற்பவரின் கார்டு

நான் சேர்ப்பது ஒரே ஒருவரின் கிரிக்கெட் கார்டுகளை. பபிள்கம்மோடு கார்டு வந்த காலத்து விக்கெட் கீப்பர் அவர். ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. விக்கெட் கீப்பரை யார் கார்டில் போடுகிறார்கள்? இத்தனை வருடத்தில் அவர் பெயர் அச்சான கார்டு எட்டுதான் சிக்கியது. ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளில் ஒன்பது பை. ஒன்றில் வெறும் காற்று.

மற்றவர்களின் கார்டுகளில் அவர் நிறைய இருக்கிறார். யாரோ அழகாக அடித்துக்கொண்டிருக்க, பின்னால் குத்தவைத்த ஒரு தொப்பி, இரண்டு கிளவுஸ், பாதி முகம். பெயர் இருந்தால்தான் அவர் கார்டு என்று நானே ஒரு சட்டம் போட்டு, அவற்றையெல்லாம் தள்ளினேன். தள்ளிய நாள் முதல் இருப்புக்கொள்ளவில்லை.

அதிலும் ஒரு கார்டு. செல்லூரில் தறி போட்டிருக்கும் நண்பனிடம் இருந்தது. அவன் ஒரு பேட்ஸ்மேனின் கார்டுகளைச் சேர்ப்பவன். அந்த பேட்ஸ்மேன் கிரீஸை விட்டு இறங்கி ஏமாந்து நிற்க, என் ஆள் ஸ்டம்பைத் தட்டிவிட்ட நொடி. மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பு அவனே நீட்டியபோது, பின்பக்கம் பார்த்துவிட்டு, பேர் இல்லையே என்று திருப்பிக் கொடுத்த மடையன் நான்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அவனியாபுரத்திலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். தறிகளுக்கு விடுமுறை, அந்தச் சந்தில் அவன் குரலை முழுசாகக் கேட்டதே அன்றுதான். வீட்டுக்குள் பார்த்துத் தங்கள் வீட்டு மொழியில் காபிக்குச் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழுக்கு வந்தான்.

“அந்த ஸ்டம்பிங் கார்டா? ஒன் சட்டம் என்னாச்சு மாப்ள?”

“மாத்திட்டேன்.”

“அவுட்டானாலும் அது என் ஆளு கார்டுதான்டா. பின்னாடி பேரு, ரன்னு எல்லாம் அவரோடது. ஒனக்கு எதுக்குத் தரணும்? சொல்லு, கேப்போம்.”

சொன்னேன். பந்து பேட்ஸ்மேனின் காலை ஒட்டிப் போயிருக்கும், பின்னால் இருக்கும் இவருக்குக் கண்ணிலேயே பட்டிருக்காது, ஆனாலும் கை முன்னாலேயே அங்கே போய்க் காத்திருக்கிறது. பெயில்ஸ் இரண்டும் அந்தரத்தில் நிற்க, துள்ளாமல் கத்தாமல், சரிதானே என்று கேட்பதுபோல் அம்பயர் பக்கம் முகத்தை மட்டும் திருப்புகிறார். அந்தத் திருப்பலைச் சொல்லி முடிப்பதற்குள் காபியில் ஆடை கட்டிவிட்டது.

அவன் கார்டை உறையிலிருந்து உருவினான். “இம்புட்டு நேரம் பேசுனியே, என் ஆளப் பத்தி ஒரு நல்ல வார்த்த வந்துச்சா? இந்தா, வச்சுக்க.”

பதிலுக்கு நான் கொண்டுபோயிருந்த இரண்டு கார்டுகளையும் அவன் தொடவில்லை. தன் ஆல்பத்தில் விழுந்த பள்ளத்தை ஒருமுறை பார்த்தான், பக்கத்தைத் திருப்பிவிட்டான். அவனுக்கு அது வலித்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். யாரைப் பற்றிப் பேசி வாய் ஓயவில்லையோ அவருடைய கார்டு அது. நான் வருடக்கணக்காகத் தேடிய சட்டத்தை அவன் ஒரு காபி நேரத்தில் எனக்குப் போட்டுத் தந்தான். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் அடித்திருப்பான்.

வண்டியை எடுக்கும்போது வாசலுக்கு வந்தான். “மாசம் ஒருக்கா ஆல்பத்தக் கொண்டா. என் ஆளு ஒன் வீட்ல எப்படி இருக்காருன்னு பாக்கணும்.”

நேற்று ஆல்பத்தைக் கொண்டுபோய், ஒன்பதாவது பையில் இருந்த அந்தக் கார்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, வெகுநேரம் பார்த்தான்.

“எளச்சுட்டாரு,” என்றான்.