வாசலில் விட்ட ஷூ

மூன்றாம் வருட மெக்கானிக்கலில் எனக்கு ஒரே கவலைதான்: அரியர் விழக் கூடாது. அடுத்த செமஸ்டரில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது, அரியர் உள்ளவனுக்கு வாசலிலேயே கும்பிடு என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மாவைப் பட்டாசு ஆலையிலிருந்து நிறுத்திவிடலாம். அப்பா வெடிவிபத்தில் போனதும் அதே ஆலையில்தான். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தீபாவளி சீசனில் ஆலைக்கு ஆள் பற்றவில்லை. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் வேனில் அம்மாவோடு பத்து நாள் நானும் ஏறினேன். வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. அடியில் ஓர் ஆணியோ பொடிக்கல்லோ இருந்தால் போதும், உரசித் தீப்பிடித்துவிடும். இதை அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. வாசலைக் கண்டதும் கால் தானாகக் கழற்றிவிடும்.

பதினோராம் நாள் கல்லூரியில் மெஷின் ஷாப் பிராக்டிகல் பரீட்சை. லேத் மெஷினில் சுழலும் ஓர் இரும்புத் தண்டைப் படிக்கட்டு போல அளவு குறைத்துக் கடைய வேண்டும். ஷூ இல்லாமல் உள்ளே வராதே என்று சுவரில் சிவப்பில் எழுதியிருக்கும். நான் ஷூவை வாசலில் கழற்றி, ஓரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டுப் போய் நின்றேன். யாரும் என் காலைப் பார்க்கவில்லை, நானும்தான். அந்த நாட்களில் எனக்கு எதுவும் அவ்வளவாக உறைக்காது.

கடைசிப் படியில், சூட்டில் நீலம் பாரித்துச் சுருண்டு வந்த இரும்புச் சுருள் பாதத்தில் விழுந்தது. அதுமட்டும் உறைத்தது. துள்ளினேன், கை டூலை நகர்த்தும் சக்கரத்தைத் திருகிவிட்டது. டூல் ஆழமாக இறங்கி, தண்டு அளவுக்குக் கீழே போய்விட்டது. குறைந்த இரும்பை ஒட்ட முடியாது. இன்னொரு தண்டும் தரமாட்டார்கள்.

வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் தண்டைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். "ஷூ எங்கப்பா?"

"வாசல்ல கெடக்கு சார்."

"கோயிலுக்கா வந்திருக்கே?"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ரிசல்ட்டில் அந்த ஒரு பாடம்தான் போனது. கம்பெனி வந்த அன்று நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கி வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் என் பாதத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். கழுவியும் போகாத மருந்து அவள் விரலிடுக்கில் வெள்ளியாக மின்னியது.

"செருப்பக் கழட்டிட்டுத்தானலே உள்ள போகணும்? நீ சரியாத்தான செஞ்சிருக்க," என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் காலை அவள் வேன் ஏறிப் போனாள்.