முன்சக்கரத்துச் சந்தனப் பொட்டு

எங்கள் தோட்டத்துத் துரையின் ஜீப்பை ஓட்டியவர் என் அப்பா. அதனால் அந்த ஜீப் எங்களுடையது என்றே ஏழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். துரை அவ்வப்போது வந்து ஏறிக்கொள்வார்; போனால் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

ஆயுத பூஜையன்று ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைப்பது எனக்கும் அத்தைக்கும் உரிய வேலை. அத்தை அப்பாவின் தங்கை. மறுநாள் விஜயதசமிக்கு அவளைப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், அப்பாவைவிட மூத்தவர். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் கேட்கும் வழக்கமும் இல்லை.

முன்சக்கரங்களின் நடுவில் ஆளுக்கொரு திருகு உண்டு, அதில் ஒரு அம்புக்குறி. "இது என்னாத்துக்கு?" என்றாள் அத்தை. டிரைவர் மகளிடம் கேட்டால் விடுவேனா? அம்பு மேலே பார்த்தால்தான் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பக்கவாட்டில் பார்த்தால் சும்மா உருளும், சேற்றில் ஏறாது, மழைக்காலம் முழுக்க அப்பா அதை மேலேயேதான் வைத்திருப்பார் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை கேட்டுக்கொண்டே இரண்டையும் பக்கவாட்டில் திருகினாள். அம்பு தெரியாமல் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றாள்.

மறுநாள் துரை பெரிய மனது பண்ணி ஜீப்பைக் கொடுத்தார். எங்களுக்குக் கிட்ட இருந்த வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலிறங்கிய மாப்பிள்ளையையும் அவருடைய அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். பதினொரு மணிக்குள் எங்கள் வாசலை மிதித்துவிட வேண்டும், அதற்குமேல் நேரம் சரியில்லை. ஒரே பனிமூட்டம். தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தன. ரோடு இருக்கிறதா, நாங்கள் வானத்தில் போகிறோமா என்றே தெரியவில்லை. அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போல எனக்குக் கண் சொக்கியது.

கடைசி ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் தூங்கின. அப்பா முன்சக்கரத்துக்கான லீவரைத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். அடியில் படுத்துக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையும் பாவம், வேட்டியை மடித்துக்கொண்டு தள்ளி, நெற்றிவரை சேறானார்.

"மொதத் தடவையே வழி மறிக்குதேப்பா" என்றார் அவருடைய அம்மா.

"அடியில எல்லாம் நல்லாத்தான் சுத்துது. சக்கரம்தான் சுத்த மாட்டேங்குது" என்று முனகியபடி அப்பா முன்சக்கரத்தின் பக்கம் குந்தினார். பொட்டை விரலால் வழித்தார். அம்பு பக்கவாட்டில் இருந்தது. அடுத்த சக்கரத்துக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான்.

"அப்பா, அத்தைதான்..." என்று தொடங்கினேன். விரலில் இருந்த சந்தனத்தை என் நெற்றியில் வைத்து, "நீ சும்மா இரு" என்றார்.

எங்கள் வீடு இருந்த லயம் மேலே பனிக்குள் எங்கோ இருந்தது. அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. இது இன்னைக்கு ஏறாதுங்க."

மாப்பிள்ளையின் அம்மா மகனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பதினொன்று தாண்டியிருந்தது. "நமக்குக் குடுத்து வைக்கல" என்றார். ஜீப்பை மெதுவாகப் பின்னால் உருட்டித் திருப்பி அவர்களை ஸ்டேஷனில் விட்டோம். திரும்பும்போது அதே ஏற்றத்தின் அடியில் அப்பா இறங்கினார். இரண்டு திருகு, அவ்வளவுதான். ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. இதை முன்னாலேயே செய்யத் தெரியாத அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தை புதுச் சேலையில் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வர மாட்டார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"பொட்டு நல்லா வச்சிருந்த தங்கச்சி."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் வந்தவர்களுக்கென்று சுட்ட வடையைத் தின்றபடி, பொட்டு வைத்ததில் எனக்கும்தானே பங்கு, அப்பா என்னை ஏன் ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்று ரோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.