சமதரையில் சோதித்த ஹேண்ட் பிரேக்

எங்கள் கார் முதல் தடவை தானாக நகர்ந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை. பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, மறந்துபோன கண்ணாடியை எடுக்க மறுபடி வீட்டுக்குள் போனேன். உடனே வந்துவிடுவோம் என்பதால் சக்கரத்துக்குக் கல் கொடுக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி இல்லை. பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, தேயிலைச் செடிகளில் முதுகைப் புதைத்து நின்றது.

கான் மட்டும் இல்லாவிட்டால் அது நேராகப் போயிருக்கும் இடம் பிள்ளைமடுவம். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடம் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சத்தம் கேட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தார்.

"என்னங்க டீச்சர், ஒங்க காரும் எங்க மடுவத்துக்கு வரணும்னு அடம் புடிக்குதா? பேரச் சொல்லிட்டுப் போங்க, பாலு குடுத்து தூங்கவைக்கிறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியையும் மடுவத்தின் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ளைங்க இருக்குங்க உள்ள. பாத்து நிப்பாட்டுங்க."

வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு புத்தம் புதிதாக வாங்கிய கார் அது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொன்னால் கோயில் முற்றம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். லொறியோ ஆட்டோவோ, எது நின்றாலும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல் கிடக்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மாசி முடிவதற்குள் கார்க் கம்பனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். இந்த மாதிரிக் கார்களில் சிலவற்றின் ஹேண்ட் பிரேக்கில் ஒரு பாகம் வழுக்கக்கூடும், வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிசெய்வோம் என்று எழுதியிருந்தது. கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. பிழை எங்களுடையது இல்லை என்று வண்டியைச் செய்தவர்களே சொல்லிவிட்டார்களே.

ரீகோல், அதாவது வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலை, கொழும்பில் மட்டும்தான் என்றார்கள். லீவு போட்டுவிட்டு ஹட்டன், கினிகத்தேனை, கித்துள்கல என்று வளைந்து வளைந்து இறங்கினேன். சேர்விஸ் நிலையத்தில் வண்டியின் பின்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். பழுது காணப்படவில்லை. சோதனையில் தோற்கும் வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்றுவார்களாம், என்னுடையது தேறிவிட்டதாம். பரீட்சைத் தாள் திருத்தும் எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆனாலும் நம்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு இறங்கி, கல்லை எடுக்கக் குனிந்தேன். கை கல்லில் படுவதற்குள் வண்டி நகர்ந்தது. கதவு திறந்தே இருந்ததால் பாய்ந்து உள்ளே விழுந்து கால் பிரேக்கை அமுக்கினேன். முழங்கால் சிராய்த்தது. கீழே மடுவத்து முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டிருந்தன. அவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வண்டியைக் கோயில் முற்றத்தில் விட்டுவிட்டு நடந்து ஏறினேன். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தபோது, உங்கள் வண்டியைப் பொறுத்தவரை ரீகோல் முடிந்துவிட்டது என்றாள் ஒரு பெண், மிக இனிமையாக. முடிந்தது என்று சொல்ல அவள் யார் என்று எனக்குத் தோன்றியது. சரிவில் நிற்பது அவள் வண்டி இல்லையே.

இரண்டாம் பயணத்துக்கு என் கணவரும் வந்தார், சண்டைக்கு இல்லை, என்னை அடக்கத்தான். தமிழ் தெரிந்த மேலாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய, மரியாதையான மனிதர்.

"மிஸ், மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு. பிரேக் நல்லாப் புடிக்குது."

"மெஷின் சமதரையில இருக்கு சேர். நாங்க இருக்கிறது மலையில."

அவர் சற்று யோசித்தார். "நிப்பாட்டும்போது சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறீங்களா?"

"வைக்கிறோம்."

"அதுதான் மிஸ் விஷயம். கல்லை நம்பி ஹேண்ட் பிரேக்கை அரைகுறையா இழுக்கப் பழகிருவீங்க. மலைநாட்டுலருந்து வாற எல்லாரும் இப்பிடித்தான்."

அந்த 'எல்லாரும்' எனக்குள் எங்கேயோ போய் இடித்தது. காருக்குப் போய் அவர்களுடைய கைநூலை எடுத்துவந்தேன். வாங்கிய வாரமே அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்திருந்தேன். அதை அப்படிப் படிக்கிறவர்கள் இருப்பார்கள் என்று அவர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குத் தடை வைக்கவும் என்ற வரியில் விரலை வைத்தேன்.

"இது ஒங்க கம்பனி எழுதினதுதானே சேர்? மலைநாட்டுக்காரங்க எழுதலையே?"

பக்கத்து நாற்காலியில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். வலப்பனையில் கடை வைத்திருப்பவர், அதே கார், அதே குறுஞ்செய்தி. அவர் கையிலும் பழுது காணப்படவில்லை என்ற தாள் இருந்தது.

கணவர் என் முழங்கையைத் தொட்டார். "விடு. அவங்க தாற தாள்ல கையெழுத்தப் போட்டுட்டு வா. கினிகத்தேனையில மழை புடிச்சிரும்."

"மழை பெய்யட்டும்," என்றேன்.

சேர்விஸ் நிலையத்தின் மேல்மாடிக்கு வாகனங்கள் ஏறும் சரிவுப்பாதை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு வாசல் அளவுக்கு இல்லை, ஆனாலும் சரிவுதான். வண்டியை அதில் பாதி ஏற்றி நிறுத்தினேன். மேலாளரையே கூப்பிட்டு, அவர் கையாலேயே ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னேன். அதற்குமேல் வராது என்னும் வரை இழுத்தார். எல்லோரும் இறங்கி நின்றோம்.

வண்டி அசையவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தக் கணம் எனக்கு அவமானமாக இருந்தது. மேலாளர் புன்னகைத்தார். "பாத்தீங்களா மிஸ்? நிக்குது."

"நிக்குது சேர். அப்ப இப்பிடிக் கொஞ்சம் வந்து இதுக்குப் பின்னால நில்லுங்க."

"என்ன மிஸ்?"

"பின்னால. நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாற வரைக்கும் நின்னாப் போதும். எங்க வீட்டுக்குக் கீழ பிள்ளைமடுவம் இருக்கு. அங்க கைக்குழந்தைங்க நாள் பூராவும் இந்த வண்டிக்குப் பின்னாலதான் இருக்குதுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீல உடுப்புப் போட்ட மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் மெல்ல நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

"அப்பிடியெல்லாம் செய்ய ஏலாது மிஸ். பாதுகாப்பு விதி இருக்கு."

"அந்த விதி எங்க புள்ளைங்களுக்கும் இருக்கட்டும்."

சாவியைக் கைப்பைக்குள் போட்டேன். பாகத்தை மாற்றும்வரை வண்டி அங்கேயே நிற்கும் என்றேன். மேலே ஏறவேண்டிய வாகனங்கள் கீழே சேரத் தொடங்கின. யாரோ ஹோர்ன் அடித்தார். வலப்பனைக்காரர் சரிவின் அடியில் போய் நின்று, வருகிற வண்டிகளுக்கெல்லாம் சிங்களத்தில் சமாசாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார், மிகுந்த உற்சாகத்தோடு. கணவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மழையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கடைசியில் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டதாக மேலாளர் வந்து சொன்னார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாகத்தை மாற்றினார்கள். கழற்றியதைக் காட்டச் சொன்னேன். பற்களில் ஒரு பக்கம் மழுங்கித் தேய்ந்திருந்தது. புதியதில் அப்படி இல்லை. மெக்கானிக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

பிறகு கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கம் இல்லை. பழுது எதுவும் இல்லாதபோதும் வாடிக்கையாளரின் திருப்திக்காக, நல்லெண்ணத்தோடு பாகம் மாற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். நான் அந்த வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு, மேலே தமிழில் எழுதினேன்: பழுதான பாகம் மாற்றப்பட்டது.

"மிஸ், வெட்டினா சிஸ்டத்துல ஏத்த ஏலாது. அதான் வேலை முடிஞ்சுதே, ஒரு வரிக்காக ஏன்?"

"எனக்கு வேலை முடிஞ்சுது. நாளைக்கு மஸ்கெலியாவுலருந்தோ தலவாக்கலையிலருந்தோ ஒருத்தர் வருவார். அவருகிட்ட, இதுவரைக்கும் ஒரு வண்டியிலயும் பழுது இல்லைன்னு சொல்வீங்க. என் கையெழுத்தையே காட்டிச் சொல்வீங்க."

"புதுசா அடிக்கணும் மிஸ்."

"அடிங்க. அதுலயும் நல்லெண்ணம் இருந்தா அதையும் வெட்டுவேன்."

மேலாளர் கணினிப் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்யத் தொடங்கினார். வலப்பனைக்காரர் எழுந்து வந்து தன் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"சேர், கம்ப்யூட்டர்ல கைய வச்சதோட எனக்கும் பாகம் மாத்தச் சொல்லி அதே மாதிரி ஒண்ணு அடிச்சிருங்க. நானும் வண்டியைக் கொண்டுபோய் அந்தச் சரிவுல ஏத்தணுமா, வேணாமா?"

மேலாளர் தலை நிமிராமலே அவருடைய வண்டி எண்ணைக் கேட்டார்.