திறந்து கிடந்தால் பொறுக்காது

பக்கத்து மேசை ஸமீம் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் சுபாஜினி அவனுடைய கணினியை அணைத்துவிடுவாள். திரும்பி வந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றால், "தொறந்து போட்டுட்டுப் போனா நான் என்ன செய்றது?" என்பாள். பதுளைக் கடைத்தெருவில், துணிக்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், அவள் வந்த பிறகு பேனா மூடியில்லாமல் கிடந்ததில்லை. பசை போத்தலை அவள் மூடிய இறுக்கில் பிறகு யாராலும் அதைத் திறக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா ஒன்றில், குடும்பமே ஓர் அறையில் வளர்ந்தவள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் இரவு படுக்க இடமிருக்காது. நிரல் எழுதும்போதும் அதே பழக்கம்தான். நிரலில் திறந்த இணைப்பு ஒவ்வொன்றையும் வேலை முடிந்ததும் மூடி, துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இதனால் அவளுக்கு நல்ல பேர். அந்த மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கக் கணினித் தராசு வைத்தார்கள். தராசோடு பேசும் பெரிய மென்பொருள் கொழும்பிலிருந்து வந்தது. ஆள்வாரியாக நிறையைப் பதியும் பகுதியை சுபாஜினி எழுதி அதோடு இணைத்தாள். அலுவலகத்தில் சோதித்தபோது ஒரு குறையுமில்லை. தோட்டத்திலோ முதல் சாக்கு பதிவாகும், அடுத்த சாக்குக்குத் திரை ஊமையாகிவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு சாக்கு, அவ்வளவுதான். வயர், ஈரம், கரண்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு இரண்டு தடவை பஸ் ஏறிப் போனாள். போன தடவையெல்லாம் தன் நிரலை இன்னும் சுத்தமாக மூடிவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு தடவையும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அழகர், மேலாளரான துரையிடம் வாய் திறக்கவில்லை. பழைய தராசை எடுத்து மாட்டி நிறுத்தார். கொழுந்து பறிக்கும் பெண்களின் முணுமுணுப்பையும் தானே வாங்கிக்கொண்டார். மூன்றாம் தடவை அவராலும் மறைக்க முடியவில்லை. இன்றைக்கும் நின்றுபோனால் எல்லாவற்றையும் கழற்றி அனுப்பப் போவதாகத் துரை சொல்லிவிட்டார். அனுப்பினால் சுபாஜினியின் வேலையும் கூடவே போய்விடும்.

அன்றைக்கும், சுபாஜினி பக்கத்திலேயே இருக்க, அது நின்றது. மழையில் வரிசை காத்து நிற்க, அழகர் பழைய தராசில் கொக்கியை மாட்டினார். முதலில் நிறுத்த கருப்பம்மா வேலைக்குப் பேர் பதிந்து சில நாட்களே ஆனவள். பொறுப்பான பெண். தன் சாக்கை இறக்கியவள் கொக்கியையும் கழற்றிக்கொண்டு நடந்தாள். அடுத்தவள் தூக்கி வந்த சாக்கை மாட்ட ஒன்றுமில்லை.

"ஏ புள்ள, ஒஞ் சாக்க எடுத்த, சரி. கொக்கிய ஏன் கொண்டு போற? அது தராசோடது," என்று கூப்பிட்டார் அழகர்.

வரிசை சிரித்தது. சுபாஜினி சிரிக்கவில்லை. தராசோடு பேசும் இணைப்பைத் திறந்தது கொழும்பு மென்பொருள். அவள் கையில் கொடுத்தது நிறுக்க மட்டும். வேலையெல்லாம் முடிந்து மூட வேண்டியதும் அந்த மென்பொருள்தான். அவளோ ஒவ்வொரு சாக்குக்கும் பிறகு பொறுப்பாக அந்த இணைப்பை மூடி வைத்திருக்கிறாள். அலுவலகத்தில் ஒரு சாக்கை மட்டும் நிறுத்துப் பார்த்ததில் அது தெரியாமல் போயிற்று. தான் எழுதிய அந்த மூடும் வரியை அழித்தாள். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போல மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாவது சாக்கு பதிவானது. மூன்றாவதும் பதிவானது. கடைசிப் பெண்ணும் நிறுத்துப் போன பிறகு, கொழும்பு மென்பொருள் தான் திறந்ததைத் தானே மூடிக்கொண்டது.

சுபாஜினிக்கு அழகரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. "அண்ணே, நீங்க மட்டும் இல்லாட்டி..." என்று தொடங்கினாள்.

"அத விடுங்க தங்கச்சி. பஸ்ஸு போயிரும். அந்தப் பையக் குடுங்க, ரோடு வரைக்கும் நான் கொண்டாறேன்."

வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அவர் பின்னால் நடந்தாள்.